ஆறு கிலோ நானூறு கிராம் விறகு

ஜனவரி 6, திங்கள்

வேலைக்குப் போய் மூன்றாவது நாள். பதினோரு வீடு. பதினோரு வீட்டிலும் ஒரே பதில்: கேஸ். கேட்டு முடித்து வெளியே வந்தால் பக்கச் சந்தில் கரி பிடித்த குண்டான் கவிழ்த்து வைத்திருக்கிறது. டேப்லெட்டில் "முதன்மைச் சமையல் எரிபொருள்" என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதிலைத்தான் தொட முடியும். தொட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் எங்கள் சூப்பர்வைசர் ரகு சொன்னார்: "எதுல சமைக்கிறீங்கன்னு கேக்காதீங்க மேடம். குளிக்கத் தண்ணி எதுல காய வைக்கிறீங்கன்னு கேளுங்க. அப்பதான் விறகு வெளிய வரும்." மூன்று வருடம் புள்ளியியல் படித்தேன், இதை யாரும் சொல்லித் தரவில்லை.

நாடு மொத்தம் எவ்வளவு விறகு எரிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கெடுப்பாம். ஏதோ ஒரு ஆராய்ச்சி நிறுவனம் நடத்துகிறது. எங்களை வேலைக்கு எடுத்தது அதற்கும் கீழே இருக்கிற ஏஜென்சி. "நிலக்கரிய எடை போட்டு ரயில்ல ஏத்துறான். கரண்டுக்கு மீட்டர் இருக்கு. விறகுக்கு எவன் மீட்டர் வச்சான்? நம்மதான் மீட்டர்" என்றார் ரகு. எல்லோரும் சிரித்தோம்.

இதழினியைக் கிளிம்மாவிடம் விட்டுப் போகிறேன். கிளியம்மாள் — இந்த அறையின் சொந்தக்காரி, பக்கத்து வாசல். ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளையை இந்த ஊரில் வேறு யாரிடம் விட? மூன்றே நாளில் நான் கிளம்பும்போது அழாமல் இருக்கப் பழகிவிட்டாள். அது நல்லதுதானா?

தூக்கத்தில் இரண்டு முறை இருமினாள். பனி.

ஜனவரி 7

இன்றும் இருமல். பனிதான்.

ஜனவரி 9, வியாழன்

விறகு எரிக்கும் வீடு கிடைத்தால் எடை போட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? அதனால் நாளைக்கு எரிக்கப்போவதைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி, தொங்கு தராசில் மாட்டி எடை எடுத்து, மறுநாள் அதே நேரத்துக்குப் போய் மிச்சத்தை எடுக்க வேண்டும். கழித்தால் ஒரு நாள் செலவு.

வல்லம் வடகாலில் லூர்தம்மாள் என்று ஒருவர். நேற்று அழகாக வெட்டிய சவுக்குக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். இன்று போனால் ஒரு குச்சி குறையவில்லை. "ஆபீஸ்லேந்து வராங்கன்னு எங்க வூட்டுக்காரர்தான் சவுக்கு வாங்கியாந்தாரு. அத்த போயி எரிப்பாங்களா?" என்றார். அப்போ நேற்று எதில் சமைத்தீர்கள் என்று கேட்டேன். பின்கட்டுக்குக் கூட்டிப் போனார்.

பேலட் கட்டை. வெளிநாட்டிலிருந்து கார் பாகங்கள் வந்து இறங்கும் மரத்தட்டு. கம்பெனி கழித்ததும் ஸ்கிராப் கடைக்கு வரும், அங்கே உடைத்து இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போகும். ஆணி பிடுங்கிய ஓட்டை, ஓரத்தில் கருப்பாகச் சூட்டு முத்திரை. ஒன்றில் கே.ஆர்., இன்னொன்றில் டி.இ. கொரியா, ஜெர்மனி.

"விறகு எங்கிருந்து கிடைக்கிறது" என்பதற்கு நாலு பதில் கொடுத்திருக்கிறார்கள்: காப்புக்காடு, சொந்த நிலம், ஏரிக்கரை அல்லது சாலையோரம், விலைக்கு. விலைக்கு என்று போட்டேன். ஜெர்மனிக் காட்டில் வளர்ந்த மரம் வல்லம் வடகாலில் ரசம் கொதிக்க வைக்கிறது, இதை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவார்கள்? ரகுவிடம் கேட்டேன். "விலைக்குன்னு போட்டாச்சுல்ல, விடுங்க மேடம்" என்றார். முத்திரையில் எம்.பி. என்று இருந்தால் பூச்சி சாகிற மருந்துப் புகை அடித்த மரம் என்று அவர்தான் சொன்னார். "அத அடுப்புல வைக்கவே கூடாது. யாரு பாக்குறா."

ஷேர் ஆட்டோவில் வரும்போது முழுக்க இதே நினைப்பு. கிளிம்மா வீட்டுப் பின்னாலும் இதைத்தானே அடுக்கி வைத்திருக்கிறது. முத்திரை பார்த்ததில்லை.

ஜனவரி 10

பார்த்தேன். மேலடுக்கிலேயே இரண்டு எம்.பி.

ஜனவரி 13, போகி

தெரு முழுக்கப் புகை. கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துண்டு வைத்து உட்கார்ந்திருந்தேன். கிளிம்மா ஜன்னலில் தட்டினார். "போகிக்கு வூட்ட சாத்திக்கினு உக்காந்த மொத ஆளு நீதாம்மா. அக்கம்பக்கம் இன்னா நெனைக்கும்?"

இதழினிக்கு மூச்சு விடும்போது உள்ளே ஏதோ கொதிக்கிற மாதிரிச் சத்தம். என் காதை அவள் முதுகில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஓவர்டைம் முடித்து வந்த இவர், "ஏட்டி, ஊரே பொகையாக் கெடக்கு, நம்ம புள்ளைக்கு மட்டும் தனிக் காத்தா வரும்? சளிதான், சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். பேச்சிராஜ் சொன்னால் சரியாகிவிடும். அவருக்கு எல்லாமே சரியாகிவிடும்.

ஜனவரி 20, திங்கள்

எங்கள் தெருவில் ஆறு வீடு பட்டியலில் வந்திருக்கிறது. மூன்றாவது, கிளிம்மா வீடு. உறவினர் வீட்டுக்குப் போகக்கூடாது என்று விதி இருக்கிறது. வீட்டுக்காரர் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போனேன்.

அடுப்பு பின்பக்கத் தாழ்வாரத்தில். மேலே தகரம், மூன்று பக்கம் சுவர். கிளிம்மா மணையில் உட்கார்ந்து கட்டையைத் தள்ளிக்கொண்டே பதில் சொன்னார். மடியில் இதழினி.

கேஸ் இணைப்பு இருக்கா?

"கீது."

போன வருஷம் எத்தனை சிலிண்டர் வாங்கினீங்க?

"எட்டு."

எட்டு வாங்கிட்டு எதுக்கு விறகு?

என்னை நிமிர்ந்து பார்த்தார். கேலியாகத்தான். "இன்னா பொண்ணு, தெரியாத மாரி கேக்குற. எட்டும் உன் வூட்லதான எறங்குது. நான் ஒன்னாவது தொட்டனா?"

சிலிண்டர் அவர் பெயரில் வருவது எனக்குத் தெரியும். குடிவந்தபோதே தண்ணீர், கரண்டு, கேஸ் எல்லாம் சேர்த்துத்தான் அறை என்று சொன்னார். எங்கள் இணைப்பு சங்கரன்கோவிலில் மாமியார் பெயரில் இருக்கிறது, இங்கே மாற்ற முகவரிச் சான்று வேண்டும், அதற்கு அலைய நேரமில்லை. கிளிம்மாவிடம் இரண்டு இணைப்பு இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா? ஒன்றுமே நினைக்கவில்லை. இரண்டு வருடமாக வீட்டுக்காரி பின்னால் புகையில் உட்கார்ந்து சமைக்கிறார், குடித்தனக்காரி முன்னால் நின்று கேஸில் தோசை ஊற்றுகிறேன். "வெறகுல ஆக்குன சோறுதாம்மா சோறு" என்பார். அதை நம்புவது வசதியாக இருந்தது.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி. சமைக்கும் நேரத்தில் அடுப்பு உள்ள இடத்தில் இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், எத்தனை பேர்?

"எழுதிக்கோ, இதோ கீறாளே" என்று இதழினியின் கன்னத்தைக் கிள்ளினார்.

1 என்று தொட்டேன்.

ஜனவரி 21

கிளிம்மா வீட்டில் ஒரு நாள் விறகு: ஆறு கிலோ நானூறு கிராம். மாடியில் இருக்கும் கம்பெனிப் பையன்களுக்கும் கிளிம்மாதான் குளிக்கத் தண்ணீர் காய வைக்கிறார், அதுவும் சேர்த்து.

எடை போட்ட தராசில் இதழினியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார், விளையாட்டாக. அவள் கெக்கெக்கென்று சிரித்தாள். ஒன்பது எண்ணூறு. நவம்பரில் தடுப்பூசி போட்டபோது பத்து கிலோவுக்கு மேல் இருந்தாள். அட்டையை எடுத்துப் பார்த்தேன். பத்து நூறு.

ஜனவரி 22

புகையையும் எடை குறைந்ததையும் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அப்பம் நீ வேலைக்குப் போகாம இரு. பிள்ளய நீயே பாரு. பொகையும் இல்ல, பொலம்பலும் இல்ல."

நாலு வருஷம் கழிச்சு இப்பதான் ஒரு வேலை கிடைச்சிருக்கு என்றேன்.

"அதான் சொல்லுதேன். நாலு வருசம் இல்லாம இருந்தோம்லா."

கேஸை அவங்ககிட்டயே கொடுத்திடலாமா என்றேன். எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ஜனவரி 25, சனி

சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்க் கிளிம்மா வாசலில் வைத்தேன். நீங்க இதுல சமைங்க, நான் கரண்டு அடுப்பு வாங்கிக்கிறேன் என்றேன்.

"குட்த்தத திருப்பி வாங்குனா வூடு வெளங்குமா? எட்த்துக்கினு போ."

புகைம்மா, பாப்பாவுக்குத்தான் —

"பொகையா? எம் புள்ளைங்க மூணும் இந்த அடுப்பாண்டதான் வளந்துச்சி. ஒன்னு லாரி ஓட்டுது, ஒன்னு போலீசு. எதுனா மூச்சு நின்னு போச்சா?" அப்புறம் குரலை இறக்கி, "படிச்ச பொண்ணு நீ. பொகைக்கு கணக்கு எழுதப் போனியே, அதுலேந்து உனக்கு எத்த பாத்தாலும் பொகையாத் தெரியிது" என்றார்.

அடுப்பு எரியும்போது பிள்ளையை முன் அறையில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் இதழினி அவர் புடவையை விட்டால்தானே.

கரண்டு அடுப்பு கடன் வாங்கி மாட்டிப் பார்த்தேன். பத்தே நிமிடம். மாடியோடு சேர்த்து மொத்தக் கட்டடத்துக்கும் ஃப்யூஸ் போயிற்று.

ஜனவரி 30, வியாழன்

காலையில் இதழினியின் உதடு லேசாக நிறம் மாறி இருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. இவர் ஷிஃப்டில். தனியாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். மூன்று தடவை. அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், அழக்கூட மூச்சு இல்லாமல்.

டாக்டர் சின்னப் பெண், என்னைவிட இளையவள் போல இருந்தாள். எழுதிக்கொண்டே கேட்டாள். "வீட்ல விறகு அடுப்பா, கேஸாம்மா?"

"கேஸ்தான் டாக்டர்."

"வேற எதுவும் புகை?"

"இல்ல."

எழுதிக்கொண்டாள். பூச்சி, தூசி, பூனை முடி என்று வேறு என்னென்னவோ சொன்னாள். தலையணை உறையை வெந்நீரில் துவைக்கச் சொன்னாள்.

ஜனவரி 31

ஏன் அப்படிச் சொன்னேன்? பொய்யா அது? எங்க வீட்ல கேஸ்தான். விறகுன்னு சொல்லியிருந்தா அடுத்து யார் வீடு, யார்கிட்ட விடுறீங்க, ஏன் விடுறீங்கன்னு கேட்டிருப்பா. கேக்கட்டுமே. என் பிள்ளை மூச்சைவிட அந்தக் கேள்வி பெருசா போச்சா எனக்கு?

தலையணை உறையைத் துவைத்தேன்.

பிப்ரவரி 5, புதன்

ஐந்து நாள் லீவு போட்டிருந்தேன், இனி கிடையாது. இதழினி மறுபடியும் கிளிம்மாவிடம்.

ரகு தனியாகக் கூப்பிட்டார். "கிளியம்மாள்னு ஒரு வீடு சிவப்புல வந்திருக்கு மேடம். வருஷத்துக்கு எட்டு சிலிண்டர், அதுக்கு மேல நாளைக்கு ஆறு கிலோ நானூறு விறகு. ரெண்டும் ஒண்ணா வராது. ஏதோ ஒண்ணு தப்பா அடிச்சிருக்கீங்க."

இரண்டும் சரி என்றேன்.

"சரின்னா எப்படிச் சரி? சொல்லுங்க, குறிப்பு எழுதிடலாம்."

என்ன எழுத? அந்த எட்டும் என் வீட்டில் எரிகிறது என்றா? எழுதினால் கிளிம்மாவின் இணைப்புக்கு யாராவது வந்து நிற்பார்கள். எனக்கும் அடுப்பு இருக்காது.

அவரே வழி சொன்னார். "சிலிண்டர் எண்ணிக்கைய மாத்த முடியாது, கேஸ் ஏஜென்சி கணக்கோட பொருந்துது. விறகுல புள்ளி தள்ளி விழுந்திருக்கும். பூஜ்யம் புள்ளி ஆறு நாலா இருக்கும், பாருங்க."

பார்க்க என்ன இருக்கிறது. மாற்றினேன். சிவப்பு போய்விட்டது.

ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் டேப்லெட் அதை விறகு எரிக்கும் வீடாக எடுத்துக்கொள்ளாது. அடுத்த பக்கம் திறக்கவே இல்லை. குழந்தைகள் எத்தனை பேர் என்று கேட்டது அந்தப் பக்கத்தில்தான். நான் போட்ட 1 எங்கே போயிற்று என்று தேடினேன். அந்தக் கேள்வியே இல்லை.

பிப்ரவரி 6

ஆஸ்பத்திரியில் கொடுத்த இன்ஹேலரை உறிஞ்சத் தெரியவில்லை இதழினிக்கு. ஊதுகிறாள்.

பிப்ரவரி 17, திங்கள்

மூலை அறைக்குக் குடிவந்த பெண் பிரவீனா. மறைமலை நகரிலிருந்து இந்தப் பக்கக் கம்பெனிக்கு வேலை மாறி வந்திருக்கிறாள். எட்டு மாதக் கைக்குழந்தை. அதையும் கிளிம்மாதான் பார்த்துக்கொள்கிறார், நாலு நாளாக. காலையில் குழாயடியில் என் பக்கத்தில் குடத்தை வைத்தாள்.

"அக்கா, உங்க பாப்பாவையும் இவங்கதான பாத்துக்குறாங்க? தம்பி ரெண்டு நாளா இருமுறான். அவங்க வீட்ல கேஸ்தான?"

குடம் நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடவில்லை.

விறகு என்றேன். பேலட் கட்டை. மருந்து அடித்த கட்டையும் அதில் இருக்கிறது. பிள்ளைகள் அடுப்புப் பக்கத்தில்தான் இருக்கும். என் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவங்க கேஸ் என்கிட்ட இருக்கு என்பதையும்.

"உங்ககிட்டயா?"

ஆமாம்.

"தெரிஞ்சுமா நீங்க இன்னும் அங்க விடுறீங்க?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். டேப்லெட்டில் நான் கேட்ட இருநூற்றுச் சொச்சம் வீட்டில் ஒருத்தரும் என்னை இப்படித் திருப்பிக் கேட்டதில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பிரவீனா குழந்தையைக் கிளிம்மாவிடம் விடவில்லை. காரணத்தையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, யார் சொன்னது என்பதையும்.

கிளிம்மா வந்து வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. "ரெகுலேட்டர கழட்டு."

கழற்றினேன்.

"என் அடுப்புதான உன் புள்ளைய கெட்த்துச்சி? இனிமே என் அடுப்பு கேஸு. உனக்கு வேணும்னா பொறத்தால கட்டை கீது, எட்த்து எரிச்சிக்கோ. நாளைலேந்து புள்ளைய நீயே பாத்துக்கோ."

கிளிம்மா, நான் உங்களைக் குறையா சொல்லல —

"ஒன்றரை மாசம் தோள்ல போட்டுக்கினு தூங்க வச்சன். ராவுல உனக்கு காய்ச்சல்னு என்னாண்ட படுக்கப் போட்டுக்கினன். அத்த எந்தக் கட்டத்துல எழுதின?"

இதழினி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். குனிந்து தூக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, இறக்கி விட்டுவிட்டு, சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார். நான் உதவிக்குப் போனேன், கையைத் தள்ளினார்.

எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. அப்படி ஒரு கட்டம் இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

டேப்லெட்டையும் தராசையும் ஒப்படைத்தேன். கிளியம்மாள் வீட்டு எண்ணைப் பழையபடி மாற்றிவிடுங்கள், ஆறு புள்ளி நாலுதான் சரி, நானே எடை போட்டது என்றேன்.

"ஃபைல் லாக் ஆகி மேல போயிடுச்சு மேடம்" என்றார் ரகு. நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். "ஒரு வீடுதான. நாடு மொத்தத்துல அது ஒண்ணும் தெரியாது."

இவரிடம் வேலையை விட்டதைச் சொன்னேன். நல்லதுதான் என்று சொல்வார் என நினைத்தேன். "சரி" என்றார். அதற்கு அப்புறம் கொஞ்ச நேரம் இதழினி முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 6, வியாழன்

சின்ன சிலிண்டருக்கு மூன்று இடத்தில் சொல்லி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் என்கிறார்கள், ஒவ்வொரு வாரமும். இணைப்பை மாற்ற வாடகை ஒப்பந்தத்தில் கிளிம்மா கையெழுத்துப் போட வேண்டும். கேட்கவில்லை.

இதழினிக்கு இருமல் குறைந்திருக்கிறது. எட்டு நாளாக இன்ஹேலர் எடுக்கவில்லை. பகலில் பிரவீனாவின் பையனும் என்னிடம்தான். அவள் முதல் ஷிஃப்ட் முடித்து வந்ததும் இரண்டு பிள்ளைகளையும் சாலைப் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், அப்போதுதான் நான் பின்பக்கம் மூன்று செங்கல் கூட்டி அடுப்பு மூட்டுகிறேன். ஒரே வேளை சமையல், மறுநாள் காலைக்கும் சேர்த்து. இவர் ஆறிய சோற்றை ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார்.

இன்று கட்டை ஈரம். ஊதி ஊதிக் கண் திறக்க முடியவில்லை. உலை கொதிக்கிற நேரம், இதழினி பிரவீனா கையை உதறிவிட்டுச் சந்துக்குள் ஓடி வந்தாள். வராதே, வராதே அங்கேயே நில்லு என்று கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவள் பாதிச் சந்தில் நின்றுவிட்டாள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, வருவதா வேண்டாமா என்று தெரியாமல். செங்கல் ஒன்று சரிந்து பானையைப் பிடித்திருந்தேன், அப்படியே விட்டு எழுந்தால் உலை கவிழும்.

கிளிம்மா வீட்டுப் பின்கதவு திறந்தது. பதினாறு நாளாக என்னைப் பார்த்தால் திரும்பிக்கொள்கிறவர். என் பக்கம் பார்க்காமலே வந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலையும்.

சோற்றை வடித்தேன். கட்டைகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தேன். உள்ளே அவள் ஏதோ கதை பேசிச் சிரிப்பது கேட்டது. புகை நாற்றம் போக முகம் கழுவி, நைட்டியை மாற்றிக்கொண்டு, அப்புறம்தான் போய்க் கதவைத் தட்டினேன்.